கன்னியாகுமரிப் பாறையை வீட்டு மாடியிலிருந்து படிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் விவேகானந்தர் பாறையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவார்கள். இங்கேயே குடியிருக்கிற நாங்கள் அதைப் பார்ப்பதே இல்லை. விருந்தாளி வந்தால் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவோம், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் வீடு கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மொட்டைமாடியில் நின்றால் ஒரு லாட்ஜின் தண்ணீர்த் தொட்டிக்கும் இரண்டு தென்னைக்கும் நடுவே பாறை இரண்டும் தெரியும். ஒருநாள் துணி எடுக்கப் போனபோது பாறையைக் காணோம். ஒன்றரை நிமிஷம் கழித்துக் கையிலிருந்த துணியெல்லாம் நனைந்துபோனது. பாறை முதலிலேயே சொல்லிவிட்டது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை என்று அன்றைக்குப் பட்டது.

அதற்குப் பிறகு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்ததில் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். கடல் தெரிகிற வீட்டில் இருப்பவர்களுக்காக எழுதியது. தூரத்தில் இருந்துகொண்டு இந்தப் பாறையைக் கவனிக்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கடைசியில் தனியாக ஒரு பகுதி உண்டு.

முதலில் பாறையைத் தெரிந்துகொள்ளுங்கள்

கரையிலிருந்து சுமார் அரை கிலோமீட்டரில் அடுத்தடுத்து இரண்டு பாறைகள். பெரியதற்கு ஸ்ரீபாதப் பாறை என்று பழைய பெயர். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தவமிருந்த இடம். மண்டபம் 1970 செப்டம்பர் 2 அன்று திறக்கப்பட்டது. தென்மேற்கே இருக்கும் சிறிய பாறையில் நிற்பது திருவள்ளுவர் சிலை, 2000 ஜனவரி 1 அன்று திறந்தது. இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-இல் வந்தது.

இந்த வரலாறு பள்ளிக்கூடப் பாடம். நமக்கு வேண்டியது இதிலிருக்கும் அளவுகள். சிலை மொத்தம் 133 அடி. அதில் பீடம் 38 அடி, பீடத்துக்கு மேல் 95 அடி. பாலத்தின் நீளம் 77 மீட்டர். ஆக, கடலுக்கு நடுவே யாரோ நமக்காக ஒரு அளவுகோலை நட்டுவைத்திருக்கிறார்கள். அலை தெறித்துப் பீடத்தின் பாதிவரை ஏறினால், பாறைத் தலையிலிருந்து ஏறத்தாழ 6 மீட்டர் உயரம் தண்ணீர் எழும்பியிருக்கிறது. கையை நீட்டி விரல்களைப் பக்கவாட்டில் பிடியுங்கள். 800 மீட்டர் தள்ளி நிற்கும் எனக்குப் பாலம் ஏறக்குறைய மூன்று விரல் அகலம். உங்கள் மாடியிலிருந்து எத்தனை விரல் என்று பார்த்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பிறகு மழைத்திரை வந்தாலும் வள்ளம் போனாலும் அந்த விரல்தான் கணக்கு.

இடத்தையும் நேரத்தையும் மாற்றாதீர்கள்

மாடியில் ஒரே ஓடு, ஒரே ஜன்னல், ஒரே கம்பி. நான் கைப்பிடிச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தேன். மழை அழித்துவிட்டது. பிறகு பெயின்டால் போட்டேன். இரண்டடி நகர்ந்தாலே தென்னை மறைத்துவிடும். பிறகு நேற்றைய பாறையும் இன்றைய பாறையும் ஒப்பிட முடியாத இரண்டு படங்களாகிவிடும்.

நேரம் பற்றி எனக்குப் பிடிவாதமான ஒரு கருத்து உண்டு. சூரிய உதயத்தை விட்டுவிடுங்கள். உதயம் அழகுதான். ஆனால் ஊர்ப்பக்கமிருந்து பார்க்கும்போது பாறை கிழக்கே இருப்பதால் காலையில் அது வெறும் கரிய உருவம். கல்லின் நிறமும் தெரியாது, ஈரமும் தெரியாது, அடிவாரத்து நுரையும் சரியாகத் தெரியாது. படம் எடுக்க நல்ல நேரம், படிக்க மோசமான நேரம். வெயில் நமக்குப் பின்னால் போய்விடும் பிற்பகல் நாலு மணிதான் பாறை முகம் காட்டும் நேரம். காலை பதினொரு மணி, மாலை நாலு மணி என்று இரண்டு வேளை வைத்துக்கொண்டால் போதும். வேலைக்குப் போகிறவர்கள் நாலு மணிக்குப் பதில் ஐந்தரை வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரமானாலும் அதை மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். நாம் இருப்பது வடக்கே 8 பாகையில். ஏப்ரல் இரண்டாவது வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மற்ற மாதங்களில் நேர்மாறு. டிசம்பரில் இருண்டு கிடந்த பீடத்தின் வடபக்கம் ஜூனில் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து, சிலையைக் கழுவிவிட்டார்கள் என்று நான் முதல் வருஷம் எழுதிவைத்திருக்கிறேன். கழுவுவதும் நடக்கிற காரியம்தான். சில வருஷத்துக்கு ஒருமுறை சாரம் கட்டிக் காகிதக்கூழ் பூசி உப்பை உறிஞ்சி எடுப்பார்கள். ஆனால் அந்த வருஷம் அது வெறும் வெயில்.

காற்றைப் பாறையின் ஓரத்தில் பாருங்கள்

பாறையின் விளிம்பும் வானமும் தொடும் கோட்டைப் பாருங்கள். கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறதா, பென்சிலால் தேய்த்ததுபோல் இருக்கிறதா? இடையில் இருக்கும் காற்றில் ஈரமும் உப்பும் கூடக்கூட, கறுப்பு சாம்பலாகும், சாம்பல் வானத்தோடு கரையும். பாறை இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. நமக்கும் அதற்கும் நடுவே உள்ள காற்று வெளிச்சத்தைச் சிதறடித்து அதன் மேல் ஒரு வெள்ளைத் திரை போடுகிறது.

பாறை மட்டும் பார்த்தால் ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள காற்றுக்கான பதில்தான் கிடைக்கும். கூடவே இரண்டு குறிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தொடுவானம். கடல்மட்டத்திலிருந்து உங்கள் கண் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 3.6-ஆல் பெருக்குங்கள், கிலோமீட்டர் வரும். 12 மீட்டர் உயர மாடிக்கு சுமார் 12 கிலோமீட்டர், 20 மீட்டருக்கு 16. இன்னொன்று நிலப்பக்கம்: ஆறேழு கிலோமீட்டர் தள்ளி மருந்துவாழ் மலை. அதன் தலையில் மேகம் உட்கார்ந்திருக்கிறதா, மலை முழுக்கத் தெரிகிறதா என்று ஒரு பார்வை. மலை தெளிவாக இருந்து கடல் மட்டும் மங்கலாக இருந்தால் அது உப்புப் புகைச்சல். இரண்டும் மங்கினால் ஈரம் எல்லா இடத்திலும் இருக்கிறது என்று அர்த்தம்.

இரவில் வேறு கணக்கு. மண்டபத்திலும் சிலையிலும் விளக்கு எரியும்போது ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒளிவட்டம் விழுந்தால் காற்றில் ஈரம் நிறைய. புள்ளி புள்ளியாக நின்றால் வறண்ட வாடைக்காற்று.

கடலைப் பாறையின் காலில் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சாதாரணமாகக் கடலைப் பார்த்து ‘இன்னைக்குக் கொந்தளிப்பு’ என்று சொல்லிவிடுகிறோம். கொந்தளிப்பில் இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று, இங்கேயே அடிக்கும் காற்று எழுப்பும் அலை. இன்னொன்று, வேறெங்கோ எழும்பி வந்து சேரும் அலை. இரண்டையும் பிரித்துச் சொல்ல பாறையைப்போல வசதியான இடம் கிடையாது. மணற்கரையில் அலை உருண்டு குழம்பிவிடும். பாறையில் முட்டும்போது ஒவ்வொரு அலைக்கும் ஒரு வெள்ளை வெடிப்பு.

கைக்கடிகாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளுவர் பாறையின் கடல்பக்க மூலையில் ஒரு வெள்ளை எழும்பும்போது பூஜ்யம் என்று தொடங்கி, பத்தாவது வெள்ளைவரை எண்ணுங்கள். ஆன நொடிகளைப் பத்தால் வகுங்கள். ஆறேழு நொடி வந்தால் உள்ளூர்க் காற்றின் அலை. பன்னிரண்டுக்கு மேல் போனால் தூரத்து அலை. பதினாறு, பதினெட்டு என்று வந்து, காற்றும் இல்லாமல், வெயிலும் அடித்துக்கொண்டிருந்தால் கீழே கடலில் கால் நனைக்க யாரையும் விடாதீர்கள்.

ஒரு மே மாத மதியம் இப்படி நடந்தது. கொடியில் துணி ஆடவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. எண்ணினேன்: 17 நொடி. அலை வந்ததே தெரியவில்லை, கண்ணாடிபோல இருந்த தண்ணீர் மெல்ல வீங்கியது, பாறையில் பட்டதும் வெள்ளைச் சுவர் ஒன்று பீடத்தின் மேல் ஏறி, ஒரு கணம் நின்று, துணி விழுவதுபோல் சரிந்தது. ஐந்தாறு முறை இப்படி. அப்புறம் நாலு நிமிஷம் ஒன்றுமே இல்லை. அந்த நாலு நிமிஷத்தில் மாடிக்கு வந்தவர் யாரும் கடல் அமைதி என்றுதான் சொல்வார். அதனால்தான் பத்து நிமிஷமாவது பார்க்கச் சொல்கிறேன்.

பக்கத்து வீட்டில் கட்டுமரத்தில் போய் ஓய்ந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். கீழே இறங்கிப்போய், “மாமா, காத்தே இல்லியே, பெறவு ஏன் இப்பிடி அடிக்கி?” என்று கேட்டேன்.

“காத்து இல்லாம அடிச்சா அது நம்ம கடலு இல்ல மக்ளே. வேற எங்கயோ உள்ள கடலு.”

அதற்குப் பெயர் கள்ளக்கடல். திருடனைப்போல் சொல்லாமல் வருவதால். கேரளத்திலும் குமரியிலும் மீனவர்கள் சொல்லி வந்த சொல்லை 2012-இல் யுனெஸ்கோ அறிவியல் வழக்கிலும் ஏற்றுக்கொண்டது. தென் இந்தியப் பெருங்கடலில், கிட்டத்தட்ட அன்டார்டிகாப் பக்கம், பெரிய புயற்காற்று வீசும்போது நீண்ட அலைகள் கிளம்புகின்றன. அலைக்காலம், அதாவது ஒரு வெள்ளைக்கும் அடுத்த வெள்ளைக்கும் நடுவே நாம் எண்ணிய நொடி, நீளமாக இருந்தால் அவை வேகமாகப் பயணம் செய்யும். 16 நொடி அலையின் கூட்டம் மணிக்கு சுமார் 45 கிலோமீட்டர், நாளுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். சில நாட்களில் நம் பாறையில் வந்து முட்டும். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம் கண்ணில் படும். உள்ளூர்க் காற்று அடங்கியிருக்கும் நாட்கள் அவை, அதனால் ஏமாந்து போவதும் எளிது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்ததும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாட்களில்தான்.

எண்ணுவதோடு நிறுத்தாமல் பாறையின் ஈரப்பட்டையையும் பாருங்கள். நீர்மட்டத்துக்கு மேல் கல் கறுத்துப் பளபளக்கும் பகுதி ஒன்று, அதற்கு மேல் காய்ந்து வெளிறிய பகுதி ஒன்று. நடுவில் கோடு. அமைதியான நாளில் அந்தக் கோடு தாழ்ந்து நிற்கும். பெரிய அலை வந்த நாளில் பீடத்தை நெருங்கும். அலை ஓய்ந்தபின்னும் கோடு உடனே இறங்காது, வெயில் இருந்தால் சீக்கிரம், மூடாப்பாக இருந்தால் வெகுநேரம். காலையில் பார்க்கத் தவறியவர் நாலு மணிக்கு அந்தக் கோட்டை வைத்து ‘மத்தியானம் கடல் அடித்திருக்கிறது’ என்று சொல்லிவிடலாம். நம் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான், ஆகவே கோடு நிறைய ஏறியிருந்தால் அதற்குக் காரணம் அலையே.

நீர் வற்றும் நாட்கள் தனி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பாறையின் அடிப்பகுதி வழக்கத்தைவிட வெளியே தெரியும். ‘கடல் உள்வாங்கியது’ என்று செய்தி வரும், படகை நிறுத்துவார்கள். மணிக்கணக்கில் மெதுவாக வற்றுகிற இதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. நிமிஷக் கணக்கில் வற்றினால் கதையே வேறு. 2004 டிசம்பர் 26 அன்று தண்ணீர் விலகிப் பாறைகள் வெளியே தெரிந்ததை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர்கள் இந்த ஊரில் உண்டு. பாறை மண்டபத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அப்படி ஒன்றைக் கண்டால் நோட்டை எறிந்துவிட்டு, தெருவில் இருப்பவர்களைக் கூப்பிட்டபடி மேட்டுக்கு ஓடுங்கள்.

காற்றுக்கு ஊர்ப்பெயர் போடுங்கள்

நோட்டில் ‘காற்று அதிகம்’ என்று எழுதாதீர்கள். கச்சான், வாடை, கொண்டல் என்று எழுதுங்கள். தென்மேற்கு, மேற்கிலிருந்து வருவது கச்சான். வடக்கு, வடகிழக்கிலிருந்து வாடை. கிழக்கிலிருந்து கொண்டல். பெயர் எழுதினாலே திசையும் பருவமும் சேர்ந்து வந்துவிடும்.

வேகத்துக்குக் கருவி வேண்டாம். பாறைக்கு அப்பால் திறந்த கடலைப் பாருங்கள். அலைத் தலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை பூத்தால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீட்டர். பரவலாகப் பூத்தால் 20 முதல் 28. கடல் முழுக்க வெள்ளையாகி நீர்த்திவலை பறக்க ஆரம்பித்தால் 30-ஐத் தாண்டிவிட்டது. கச்சான் நேர் மேற்கிலிருந்து அடிக்கும் நாளில் ஒரு வேடிக்கை: கரைக்கும் பாறைக்கும் நடுவே தண்ணீர் சமர்த்தாக இருக்கும், பாறையைத் தாண்டியதும் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். ஊர் முழுக்க நமக்குக் காற்றுத் தடுப்பாக நிற்கிறது. கச்சான் தென்மேற்காக வந்தால் அந்தச் சலுகை கிடையாது.

படகைப் பாருங்கள்

இலவசமாகக் கிடைக்கும் இன்னொரு கருவி படகு. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணிவரை போய்வரும். ஓடுகிறதா, இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். கண்ணாடிப் பாலம் வருவதற்கு முன்னால் மூன்று நிலை இருந்தது: இரண்டுக்கும் உண்டு, விவேகானந்தர் பாறைக்கு மட்டும் உண்டு, ஒன்றுக்கும் இல்லை. நடுவிலுள்ள நிலை வந்தால் வள்ளுவர் பாறைப்பக்கம் அலை கூடிவிட்டது அல்லது நீர் வற்றிவிட்டது என்று தெரிந்துகொள்வோம். பாலம் வந்தபின் பயணிகளுக்குச் சௌகரியம், எனக்கு ஒரு குறி போச்சு.

மீன்பிடித் தடைக்காலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வெறுமையான கடலைப் பார்த்துப் புயல் என்று நினைத்துவிடுவீர்கள். கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்து விசைப்படகுகள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போகாது. மேற்குக் கணக்கில் வரும் குளச்சல் பக்கத்துக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். இரண்டு கடலும் இரண்டு மழையும் உள்ள ஊரில் இதுவும் இரண்டாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

மழை வரும் வழி

ஐப்பசி, கார்த்திகையில் மழை கடலிலிருந்து நம்மை நோக்கி வருவது அதிகம். அப்போது பாறை காவல்காரன். முதலில் தொடுவானக் கோடு அழியும். பிறகு அதன் மேல் நின்ற வள்ளங்கள். பிறகு சிலையின் தலை, பாலம், மண்டபம். பாறை முழுக்க மறைந்த கணத்தில் நொடி எண்ண ஆரம்பித்து முதல் சொட்டு விழும்போது நிறுத்துங்கள். என் மாடிக்கும் பாறைக்கும் 800 மீட்டர். 96 நொடி ஆனால் மழை மணிக்கு 30 கிலோமீட்டரில் நடந்து வந்திருக்கிறது. அறுபது நொடியில் வந்தால் 48. பத்துப் பதினைந்து மழைக்கு இப்படி எண்ணினால் உங்கள் வீட்டுக்கென்று ஒரு கணக்கு கையில் வந்துவிடும். வற்றல் காயப்போடுகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள கணக்கு இல்லை.

எடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, வேறுவிதம். ஜூன் தொடக்கத்தில் மேற்கே தொடங்கி நம் முதுகுக்குப் பின்னால் வரும். பாறை பளிச்சென்று தெரிந்துகொண்டே இருக்கும்போது தலையில் மழை விழும். பல நாளில் அதுகூட விழாது. காற்று மட்டும் வரும். மேகம் தலைக்கு மேலே ஓடி, மலைப்பக்கம் போய்ப் பெய்யும். குலசேகரத்தில் கொட்டுகிற அதே நேரத்தில் முனையில் வெயில் அடிக்கும். அந்த மாதங்களில் மேக நிழல் பாறைமேல் ஓடுவதைப் பாருங்கள். மண்டபம் இருட்டாகி, சிலை வெளிச்சமாகி, அப்புறம் மாறி, ஒரு நிமிஷத்துக்குள் நாலு நிறம். ஆடி மாதம் நாலு மணிக்கு இதை விட்டுவிட்டு டிவி பார்ப்பவர்களை எனக்குப் புரியவே புரியாது.

இடியும் மின்னலும் வந்தால் மாடியில் நிற்க வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கை அறைக்குள்ளிருந்தே போடலாம்.

தை, மாசியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாடை, தெளிவு, கடலில் விழும் சூரியன், நோட்டில் ‘நேற்றுப்போலவே’. அந்த வரியையும் எழுதுங்கள், விடாதீர்கள். சித்திரா பௌர்ணமி மாலையில் மேற்கே சூரியன் இறங்கும்போது கிழக்கே பாறைப்பக்கம் நிலா ஏறும். வானம் விட்டால் பார்க்கலாம். சித்திரையில் பாதி வருஷங்கள் மூடாப்பு கெடுத்துவிடும்.

கேமராவை நம்பாதீர்கள், ஆனால் வையுங்கள்

பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று போதும். ஜன்னலில் கட்டிப் பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் என்று வைத்தால் விடியற்காலை ஐந்தரையிலிருந்து இரவு ஏழுவரை 82 படம் சேரும். மூன்று விஷயம் கவனியுங்கள். முதலாவது, வெளிச்ச அளவையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டுங்கள். தானியங்கியில் விட்டால் மங்கலான நாளைக் கேமராவே பிரகாசமாக்கி, சாம்பல் கடலை நீலமாக்கி, நாம் அளக்க வந்ததையே அழித்துவிடும். ஒரு வருஷப் படங்கள் எனக்கு இப்படி வீணாயின. இரண்டாவது, உப்பு. கடல்காற்று அடிக்கும் ஜன்னலில் கண்ணாடி மேல் உப்பு படிந்து, பாறை நாளுக்கு நாள் மங்குவதுபோல் தெரியும். நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறிவிடும். மூன்றாவது, பக்கத்து மாடி சட்டத்துக்குள் வராதபடி பாருங்கள். துணி காயப்போட வருகிறவர்கள் உங்கள் வானிலை ஆராய்ச்சியில் இடம்பெற விரும்பமாட்டார்கள். என்னிடம் ஒரு அக்கா சண்டைக்கே வந்துவிட்டார், நியாயமான சண்டை.

போனில் காற்றழுத்தம் காட்டும் வசதி இருந்தால் அதையும் எழுதலாம், ஒரு எச்சரிக்கையோடு. நம் பக்கம் அழுத்தம் தினமும் இருமுறை ஏறி இறங்கும். காலை பத்து, இரவு பத்துவாக்கில் உச்சம். விடியற்காலை நாலு, மாலை நாலுவாக்கில் தாழ்வு. வித்தியாசம் மூன்று நாலு மில்லிபார் இருக்கும். மாலை நாலு மணிக்கு முள் இறங்கியதைப் பார்த்துவிட்டுக் ‘காற்றழுத்தத் தாழ்வு’ என்று வாட்ஸாப்பில் போட்டுவிடாதீர்கள். நேற்று நாலு மணியோடு இன்று நாலு மணியை ஒப்பிட்டால்தான் அர்த்தம்.

நோட்டு எப்படி இருக்கும்?

என் நோட்டிலிருந்து மூன்று வரி, ஒரே வாரத்தில் எழுதியது:

“நாலு மணி. ஓரம் கூர்மை. தொடுவானம் உண்டு. கச்சான், பரவலாக வெள்ளை. 7 நொடி. படகு ஓடியது.”

“நாலு மணி. ஓரம் தேய்ந்திருக்கிறது. தொடுவானம் இல்லை, மலை உண்டு. கச்சான் பலம். 8 நொடி, நடுநடுவே பெரிதாக ஒன்று. ஈரப்பட்டை பீடத்தடியில். படகு இல்லை.”

“நாலு மணி. மழை விட்டு அரை மணி. கல் முழுக்கக் கறுப்பு, மண்டபம் மட்டும் ஈரச் சிவப்பு. காற்று இல்லை. 13 நொடி. ஏன் என்று தெரியவில்லை.”

மூன்றாவது வரியில் இருக்கும் ‘ஏன் என்று தெரியவில்லை’ என்பதை அடிக்காமல் விடுங்கள். அதற்கான பதில் அடுத்த பகுதியில் சொல்லும் தளங்களில் கிடைத்தாலும் கிடைக்கும்.

கூடவே ஒன்று: இந்த நோட்டு எச்சரிக்கைக் கருவி அல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி நம் முனைக்குத் தெற்கே கடந்துபோனது. அது கரைக்குப் பக்கத்திலேயே உருவாகி வேகமாகப் பலமடைந்த புயல். முந்தின நாட்களில் மாடியில் நின்று பாறையைப் பார்த்து யாரும் அதைச் சொல்லியிருக்க முடியாது. பாறை இந்த நேரத்துக் கடலைத்தான் சொல்லும். நாளைக்கு வானிலை மையமும் ஹைதராபாத்திலிருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸும் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு

சென்னையிலோ துபாயிலோ இருந்தால் மாடி கிடையாது, ஆனால் வேறு கண்கள் உண்டு. முதலில் இன்காய்ஸ் தளத்தின் கடல்நிலை முன்னறிவிப்பு. கன்னியாகுமரியைத் தேர்ந்தெடுத்து, மொத்த அலை உயரத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் ஸ்வெல் எனப்படும் தூரத்து அலையின் உயரம், அலைக்காலம், திசை மூன்றையும் பாருங்கள். உயரம் ஒன்றரை மீட்டர்தானே என்று விட்டுவிடக் கூடாது. காலம் 16 நொடி என்றால் அந்த ஒன்றரை மீட்டரே பாறையில் பெரிதாக ஏறும்.

அடுத்தது இன்சாட் செயற்கைக்கோள் படங்கள். வானிலை மையத் தளத்திலும் இஸ்ரோவின் மாஸ்டாக் தளத்திலும் கிடைக்கும். பாறையெல்லாம் தெரியாது. முனைக்கு மேல் மேகம் எந்தப் பக்கமிருந்து நகர்கிறது என்பது தெரியும். பாறையையே பார்க்க வேண்டுமென்றால் ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோள். அதன் படங்கள் கோப்பர்நிக்கஸ் பிரௌசர் என்ற தளத்தில் இலவசம். அகலாங்கு 8.08, நெட்டாங்கு 77.55 என்று கொடுத்தால் முனைக்கு வந்துவிடும். ஒரு புள்ளிக்கு 10 மீட்டர், ஐந்து நாளுக்கு ஒரு படம், எல்லாம் காலை பதினொரு மணியை ஒட்டி எடுத்தவை. நான் பதினொரு மணிக்கு எழுதச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஜூன், ஜூலையில் பாதிக்கு மேல் மேகம்தான் வரும். தெளிவான நாளில் பாறைகளைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் தெரியும். வளையம் எந்தப் பக்கம் தடிமனோ அந்தப் பக்கமிருந்து அலை. பிப்ரவரிப் படத்தையும் ஆகஸ்ட் படத்தையும் பக்கத்தில் வைத்தால் சொல்லாமலே புரியும்.

துபாயில் இருக்கும் என் சித்தி மகன் இதையெல்லாம் கற்றுக்கொண்டு என்னோடு பந்தயம் கட்டுவான். காலையில் எழுந்ததும் தளங்களைப் பார்த்துவிட்டு எனக்குச் செய்தி அனுப்புவான், நான் மாடியிலிருந்து சரிபார்ப்பேன். போன ஆடியில் ஒருநாள், “அக்கா, அலை மூணு மீட்டரு, காத்து நாப்பது. இன்னைக்குப் படகு ஓடாது, எழுதி வச்சுக்கோ” என்றான். மாடிக்குப் போனேன். கச்சான் நேர் மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. பாறைக்கு அப்பால் கடல் முழுக்க வெள்ளை. பாறைக்கும் கரைக்கும் நடுவே, ஆட்களை நிறைத்துக்கொண்டு, படகு போய்க்கொண்டிருந்தது.